கோணமும் ஒரு சுமை

திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் இருக்கும் நல்லூர், 2011இல் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்தது. பனியன் கம்பெனிகளும் நிட்டிங் கூடங்களும் வீடுகளோடு கலந்து கிடக்கும் இப்பகுதியில் மின்கம்பி ஓடாத தெருவைக் காண்பது அரிது. அந்தக் கம்பிகளைத் தாங்கும் கம்பங்களைச் சற்றுக் கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். நேராகப் போகும் வரிசையில் உள்ள கம்பம் பெரும்பாலும் துணையில்லாமல் நிற்கும். கம்பிகள் வேறொரு தெருவுக்குத் திரும்பும் முனையில் உள்ள கம்பத்துக்கோ, நடுவில் முட்டை வடிவப் பீங்கான் கோத்த ஸ்டே கம்பி ஒன்று உச்சியிலிருந்து சரிவாக இறங்கி மண்ணில் புதைந்திருக்கும். இரண்டு கம்பங்களும் ஒரே உயரம், ஒரே கனம். அவற்றில் கட்டிய கம்பிகளும் அவையே, கம்பிகளின் விறைப்பும் அதுவே. அப்படியிருக்க ஒன்றுக்கு மட்டும் ஏன் முட்டு வேண்டியிருக்கிறது? கம்பிகள் எவ்வளவு இழுக்கின்றன என்ற கேள்விக்குள் இதற்கு விடை கிடைக்காது. எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று கேட்டால்தான் கிடைக்கும். எடை தெரிந்துவிட்டால் கயிறு தாங்குமா, கம்பம் தாங்குமா என்று சொல்லிவிடலாம் என நாம் பொதுவாக நம்புகிறோம். அந்த நம்பிக்கை எங்கெல்லாம் பொய்க்கிறது என்பதையும், பள்ளியில் வெக்டர் கூட்டல் என்ற பெயரில் கற்றுத்தரப்படும் எளிய கணக்கு அங்கெல்லாம் எப்படிக் கைகொடுக்கிறது என்பதையும் பார்த்தால், பாரம் தூக்கும் ஊரிலும் நூல் ஓட்டும் ஊரிலும் இது பொது அறிவாக இருக்க வேண்டியதன் காரணம் விளங்கும்.

விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. இரண்டும் சேர்ந்த பொருளைத்தான் இயற்பியல் வெக்டர் என்கிறது. 5 ரூபாயும் 5 ரூபாயும் சேர்ந்தால் எப்போதும் 10 ரூபாய்தான். 5 டன் விசையும் 5 டன் விசையும் சேர்ந்தால் 10 டன்னும் வரலாம், சுழியும் வரலாம், இடையில் எந்த அளவும் வரலாம். சித்திரையில் நடக்கும் அவிநாசித் தேரோட்டம் போன்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரண்டு வடங்களும் இணையாக முன்னோக்கி நீண்டிருந்து, ஒவ்வொன்றிலும் 5 டன் விசை இருந்தால், தேருக்கு 10 டன்னும் முழுதாகக் கிடைக்கும். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி, வடங்களுக்கிடையே 60 பாகைக் கோணம் விழுந்துவிட்டால், அதே ஆட்கள் அதே பலத்தோடு இழுத்தாலும் தேருக்குக் கிடைப்பது 8.66 டன்தான். கோணம் 120 பாகை ஆகிவிட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து தரும் பயன் 5 டன், அதாவது ஒரு வடத்தின் பலம் மட்டுமே. மீதி பலம் ஒருவரையொருவர் பக்கவாட்டில் இழுப்பதில் கழிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு விசையை அளவுக்கேற்ற அம்பாக வரைய வேண்டும். அதன் முனையிலிருந்து இரண்டாவது விசையின் அம்பைத் தொடங்க வேண்டும். முதல் அம்பின் தொடக்கத்தையும் இரண்டாவது அம்பின் முனையையும் இணைக்கும் கோடுதான் கூட்டுத்தொகை. விசையைக் கணக்கிடும் முறையான அலகு நியூட்டன். ஒரு கிலோ எடையைத் தாங்க ஏறக்குறைய 9.8 நியூட்டன் தேவை. இக்கட்டுரை முழுவதும் பட்டறை வழக்கப்படி கிலோ, டன் என்றே சொல்லிப் போகலாம்.

அசையாமல் நிற்கும் பொருளுக்கு இந்த முறை இன்னும் எளிது. அதன்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் அம்புகளாக ஒன்றன் முனையில் ஒன்றாக வரைந்துகொண்டே போனால், கடைசி அம்பு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும். உருவம் மூடிக்கொண்டால் சமநிலை. மூடாமல் இடைவெளி நின்றால், அந்த இடைவெளியின் அளவுக்கும் திசைக்கும் ஏற்ப ஏதோ ஒன்று நகரப்போகிறது என்று பொருள். தெருமுனைக் கம்பத்தை இப்படிப் பார்ப்போம். இரண்டு பக்கத்துக் கம்பிகளும் 200 கிலோ விசையோடு இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நேர் வரிசையில் இரண்டும் எதிரெதிர்த் திசை, அதனால் கழிந்துவிடும். வரிசை 60 பாகை திரும்பினால் கழியாமல் நிற்பது 200 கிலோ. வரிசை செங்கோணமாகத் திரும்பினால் 283 கிலோ. அது வளைவின் உட்புறமாக, இரண்டு கம்பிகளுக்கும் நடுவாக, கம்பத்தின் உச்சியைப் பிடித்து இழுக்கும். ஸ்டே கம்பி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் புதைக்கப்படுவது இதனால்தான். அதுவும் கிடையாகப் போக முடியாமல் 45 பாகையில் சரிந்து இறங்குவதால், செங்கோணத் திருப்பத்தில் 283 கிலோவை ஈடுகட்ட அது 400 கிலோ விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, கம்பத்தை 283 கிலோ விசையோடு கீழ்நோக்கியும் அழுத்துகிறது. எங்கும் புதிதாக எடை எதுவும் ஏற்றப்படவில்லை. 200 கிலோ 400 ஆனது முழுக்க முழுக்கக் கோணங்களின் வேலை.

இன்று பதினோராம் வகுப்பில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் இந்த விதியை மனிதர்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நெம்புகோலின் விதியை ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுதிவிட்டார். சாய்வாக இழுக்கும் விசைகளுக்கு விதி தெளிவாகப் பிடிபட்டதோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1586இல் சைமன் ஸ்டெவின் என்ற டச்சுப் பொறியாளர் ஒரு முக்கோணக் கட்டையின் மேல் குண்டுகள் கோத்த மாலையைப் போட்டதாகக் கற்பனை செய்தார். கட்டையின் ஒரு சாய்வு மற்றதைப்போல இரு மடங்கு நீளம். ஆகவே அந்தப் பக்கம் இரு மடங்கு குண்டுகள் இருக்கும். அந்தப் பக்கம் கனம் கூடுதல் என்பதால் மாலை தானாகச் சுழலத் தொடங்கினால், அது என்றும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அது நடக்காத காரியம். எனவே நீண்ட சாய்வில் உள்ள நான்கு குண்டுகளும் குறுகிய சாய்வில் உள்ள இரண்டு குண்டுகளும் சமநிலையில்தான் இருக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1687 என்ற ஒரே ஆண்டில், இங்கிலாந்தில் நியூட்டனும் பிரான்சில் வரிஞ்ஞோனும் லாமியும் விசைகளைக் கூட்டும் இந்த விதியை, இணைகர விதி என்ற வடிவில், தனித்தனியே அச்சில் கொண்டுவந்தார்கள். நம் பாடநூலில் லாமியின் தேற்றம் என்று வருவது அந்த லாமியின் பெயரால்தான். பின்னர் 1866இல் சூரிச்சில் பேராசிரியராக இருந்த கார்ல் கூல்மன், பாலங்களின் விசைகளைக் கோடு வரைந்தே கண்டுபிடிக்கும் முறையை நூலாக்கினார். ஈஃபிள் கோபுரத்தின் முதல் வரைவைத் தந்த மொரிஸ் கோஷ்லின் அவருடைய மாணவர். அத்தனை பெரிய இரும்புக் கோபுரத்துக்கும் அடிப்படைக் கருவி பென்சிலும் அளவுகோலும்தான்.

அதே கருவியால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள மோட்டார் ஒன்றை இரண்டு கயிறுகளால் உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். இடத்தின் வசதிப்படி ஒரு கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகையிலும் மற்றது 60 பாகையிலும் அமைகின்றன. ஆளுக்குப் பாதி, 25 கிலோ என்று சொல்லத் தோன்றும். கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டு, எடைக்காக 5 சென்டிமீட்டர் கோட்டை நேராகக் கீழே இழுங்கள். அதன் அடிமுனையிலிருந்து ஒரு கயிற்றின் திசையில் ஒரு கோடு, மேல்முனையிலிருந்து மற்றக் கயிற்றின் திசையில் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும்போது முக்கோணம் மூடிக்கொள்ளும். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் 2.5 சென்டிமீட்டர், மற்றது 4.33. தாழச் சாய்ந்த கயிற்றில் 25 கிலோ, நிமிர்ந்த கயிற்றில் 43.3 கிலோ. இரண்டையும் கூட்டினால் 68.3 வருகிறது, தொங்குவதோ 50தான். மீதி 18.3 எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். இரண்டு கயிறுகளும் எடையைத் தாங்குவதோடு ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு விசையையும் கிடை, குத்து என்று இரு கூறுகளாகப் பிரித்தால் இது பளிச்சென்று தெரியும். குத்துக் கூறுகள் சேர்ந்து சரியாக 50 ஆகும். கிடைக் கூறுகள் ஆளுக்கு 21.7 என்று எதிரெதிராக நின்று கழிந்துவிடும். கழிந்துபோனாலும் கயிறு அதைத் தாங்கியே ஆக வேண்டும். கணக்கில் மறையும் விசை கயிற்றில் மறைவதில்லை.

மிகச் சாதாரணமாகத் தோன்றும் துணிக்கொடியில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கலாம். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகள், இடையே ஒரு கொடி, அதன் நடுவில் 10 கிலோ ஈரத்துணி. கொடி அரை மீட்டர் தொய்ந்தால் கயிற்றில் இழுவிசை ஏறக்குறைய 50 கிலோ. தொய்வு அசிங்கமாக இருக்கிறது என்று இறுக்கிக் கட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் 250 கிலோ. 1 சென்டிமீட்டராக்கினால் 2,500 கிலோ. தொய்வே இல்லாமல் கட்ட வேண்டுமென்றால் எல்லையற்ற விசை வேண்டும், ஏனென்றால் முழுக்கக் கிடையாகக் கிடக்கும் கயிற்றுக்கு மேல்நோக்கி இழுக்கும் கூறே கிடையாது. நடுவில் ஒரு கைக்குட்டையைப் போட்டாலும் கயிறு இறங்கித்தான் ஆகும். மின்கம்பிகள் இரு கம்பங்களுக்கிடையே தொய்வாக விடப்படுவது வேலையில் மெத்தனத்தால் அல்ல. தன் எடையைத் தானே தாங்கக் கம்பிக்கு அந்தத் தொய்வு வேண்டும். சுவரிலிருந்து கொக்கி பிய்ந்து வரும்போது துணி கனம் என்று நாம் சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம், கொடியை விறைப்பாகக் கட்டியதில் இருக்கும்.

கொக்கி பிய்ந்தால் துணி மண்ணாகும், அவ்வளவுதான். தொழிற்கூடத்தில் பாரம் தூக்கும்போது இதே கணக்கு தவறினால் உயிர் போகும். 170 கிலோ பஞ்சுப் பேல் முதல் டன் கணக்கில் நிற்கும் நிட்டிங் இயந்திரம், சாயத் தொட்டி, பாய்லர் உறுப்புகள் வரை கிரேனில் தூக்கி இறக்கும் வேலை இந்த வட்டாரத்தில் வாடிக்கை. பெரும்பாலும் கிரேனின் கொக்கியிலிருந்து சிலிங் என்ற தூக்குக்கயிற்றின் இரண்டு கால்கள் விரிந்து பாரத்தின் இரு முனைகளைப் பிடிக்கும். பாரம் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். கால்கள் விரியாமல் நேராக இருந்தால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ. இரண்டுக்கும் இடையே 60 பாகை இருந்தால் 577. செங்கோணமானால் 707. 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் 1,000 கிலோ, அதாவது முழு பாரத்தையும் தனியே சுமக்கும் அளவு. 150 பாகையில் 1,932. சிலிங் நீளம் போதாதபோது குட்டையான ஒன்றைப் போட்டு ஒப்பேற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். கால்கள் விரிய விரிய அவை பாரத்தின் இரு முனைகளையும் உட்புறமாக நெரிக்கவும் செய்யும். 120 பாகையில் அந்த நெரிப்பு 866 கிலோ. சட்டகம் வளைந்து இயந்திரத்தின் வட்டம் கெட்டால் பின்னலில் காலமெல்லாம் கோடு விழும். நீளமான பாரங்களைத் தூக்க, கொக்கிக்குக் கீழே ஸ்பிரெட்டர் பீம் என்ற குறுக்கு உத்தரத்தை வைத்து, அதிலிருந்து கயிறுகளை நேராக இறக்குவது இந்த நெரிப்பைப் பாரத்தின்மேல் விழவிடாமல் உத்தரத்தின் மேல் ஏற்றத்தான்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு அனுபவத்திலிருந்து வரும். தலைமுறை தலைமுறையாக பாரம் தூக்குகிறவர்கள் சைனும் கோசைனும் படித்தா தூக்கினார்கள், கைக்கும் கண்ணுக்கும் தெரியாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அனுபவ அறிவு இந்த விதியை நன்றாகவே அறியும். லாரியில் பனியன் பண்டில்களை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுகிறவர், ஏற்கெனவே விறைத்த கயிற்றின் நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, அதில் கிடைக்கும் கொஞ்சத் தளர்வைச் சுற்றிக் கட்டி இறுக்குவார். கொடிக் கணக்கின் மறுபக்கம் அது. பக்கவாட்டில் கொடுக்கும் சிறு விசை கயிற்றின் நீளவாக்கில் பல மடங்காகப் பெருகுகிறது. ஆனால் அங்கே விசை கையில் தெரிகிறது, பலன் உடனே கண்ணில் படுகிறது. கிரேன் சிலிங்கில் இரண்டும் இல்லை. கயிற்றில் 500 கிலோ இருந்தாலும் 1,000 கிலோ இருந்தாலும் அறுகிற கணம்வரை அது ஒரே மாதிரிதான் தோன்றும். அதோடு இந்த விதி படிப்படியாக ஏறுவதுமில்லை. விரிவு சுழியிலிருந்து 60 பாகை போகும்போது இழுவிசை கூடுவது வெறும் 15 சதவீதம். 120இலிருந்து 150 போகும்போது, பாதி அளவே விரிந்தாலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சிறு கோணங்களில் நூறு முறை தூக்கிப் பழகிய கை, கொஞ்சம் விரிந்தால் கொஞ்சம்தான் கூடும் என்று பழகியிருக்கும். அந்தப் பழக்கம் மிகத் தேவைப்படும் இடத்தில்தான் தவறான வழி காட்டும். அனுபவத்தை ஒதுக்கக் கணக்கு வரவில்லை. அனுபவம் எட்டாத கோணங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லத்தான் வருகிறது.

இரண்டாவது மறுப்பு பொறியாளர்களிடமிருந்தே வரக்கூடும். எந்தக் கயிற்றையும் அறுந்துபோகும் அளவுக்கு யாரும் மதிப்பிடுவதில்லை, பல மடங்கு பாதுகாப்புக் கணக்கு வைத்துத்தான் சுமை வரம்பைக் குறிக்கிறார்கள், கோணத்தால் கூடும் விசையும் அதற்குள் அடங்கிவிடும் என்பது அந்த வாதம். ஆனால் இந்தப் பாதுகாப்பு மிச்சம் வேறு செலவுகளுக்காக ஒதுக்கப்பட்டது. பாரம் குலுங்கித் தூக்கப்படும்போது விசை திடீரென்று எகிறும். கூர்முனையில் மடங்கும் கயிறு பலமிழக்கும். தேய்மானமும் வெயிலும் ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தின்னும். இவற்றை முன்கூட்டி அளக்க முடியாததால்தான் மிச்சம் வைக்கப்படுகிறது. அளக்கக்கூடிய கோணத்துக்கும் அதையே செலவழித்தால், அளக்க முடியாதவை வரும்போது கையிருப்பு இருக்காது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 29ஆம் பிரிவில், தூக்கும் கருவிகளிலும் சங்கிலி, கயிறுகளிலும் பாதுகாப்பான வேலைச்சுமையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது, 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவரால் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. நல்ல விதி. ஆனால் ஒரு டன் என்று குறித்த கயிறு ஒரு டன்னைத் தாங்குவது நேராகத் தொங்கும்போதுதான். கோணம் சேராத சுமைக் குறிப்பு அரைக் குறிப்புதான்.

கனத்த பாரத்திலிருந்து சில கிராம் விசைக்கு வருவோம், ஏனென்றால் திருப்பூரின் பிழைப்பு அந்தச் சில கிராமில்தான் ஓடுகிறது. வட்டப் பின்னல் இயந்திரத்தில் கோனிலிருந்து ஊசிக்குப் போகும் நூலின் டென்ஷன் ஃபீடருக்கு ஃபீடர் மாறினால், கண்ணிகளின் நீளம் சீர்கெட்டுத் துணியில் கோடு விழும். அதை அளக்கும் டென்ஷன் மீட்டரில் மூன்று சிறு உருளைகள் இருக்கும். ஓரத்து இரண்டும் நிலையானவை. நடு உருளை நூலை இலேசாக ஒரு பக்கம் தள்ளி மடக்கும். மடங்கிய நூலின் இரு பக்கமும் ஒரே இழுவிசை. திசை மட்டும் சற்று வேறு. அந்த இரண்டு அம்புகளையும் கூட்டினால் நடு உருளையை அழுத்தும் விசை கிடைக்கும். நூல் ஒவ்வொரு பக்கமும் 15 பாகை சாய்ந்தால், உருளையின்மேல் விழும் அழுத்தம் நூலின் டென்ஷனில் ஏறக்குறைய பாதி. கருவி அளப்பது அந்த அழுத்தத்தைத்தான். அதன் இரு மடங்கைக் கணக்கிட்டு முகப்பில் டென்ஷனாகக் காட்டுகிறது. ஓடும் நூலை அறுக்காமல், நிறுத்தாமல், அதன் உள்ளே இருக்கும் விசையைப் பக்கவாட்டிலிருந்து அறியும் இந்த உத்தி முழுக்க வெக்டர் கூட்டலே. நூலின் தடிமன் மாறி அந்தக் கோணம் சிறிது பிசகினாலும் காட்டும் எண் பிசகும் என்பதால்தான் இத்தகைய கருவிகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தெருமுனைக் கம்பத்தை வளைக்கும் அதே விசையை இங்கே அளவுகோலாகப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஓடும் நூல் சமநிலையில் இல்லையே, உராய்வும் இருக்கிறதே, நின்ற பொருளின் கணக்கு அதற்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். சீரான வேகத்தில் ஓடும் இலேசான நூலுக்கும் நிகர விசை சுழிக்கு நெருங்கியதுதான், எனவே கணக்கு பொருந்தும். உராய்வைச் சேர்த்தால் கணக்கு கெடுவதற்குப் பதிலாக மேலும் கூர்மையாகிறது. நூல் ஒரு வழிகாட்டி வளையத்தின்மேல் வளையும்போது, வளைவின் ஒவ்வொரு சிறு துண்டிலும் இருபக்க இழுவிசைகளின் திசை இம்மியளவு வேறுபடும். அந்த வேறுபாடு நூலை வளையத்தின்மேல் அழுத்தும். அழுத்தத்துக்கு ஏற்ப உராய்வு எழும். உராய்வைக் கடக்க அடுத்த துண்டில் இழுவிசை கூடும், கூடிய இழுவிசை இன்னும் அழுத்தும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இந்தச் சிறு முக்கோணங்களையெல்லாம் கூட்டி, விசை வட்டிக்கு வட்டி போலப் பெருகுகிறது என்று காட்டினார். நான்கு செங்கோணத் திருப்பங்கள் உள்ள நூல்பாதையில் 2 கிராம் டென்ஷனோடு நுழையும் நூல், உராய்வுக் கெழு 0.25 என்றால் 9.6 கிராமோடு வெளியே வரும். கெழு 0.15 என்றால் 5.1 கிராம்தான். பனியன் நூலுக்குக் கோன் சுற்றும்போதே மெழுகு பூசுவதன் காரணம் இந்த இரண்டு எண்களுக்கிடையே உள்ள தூரம்தான். நூல்பாதையில் தேவையற்ற ஒரு திருப்பத்தை நீக்குவதும் மெழுகு பூசுவதும் ஒரே கணக்கின் இரு வழிகள். வளையத்தின் விட்டம் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எத்தனை பாகை திரும்புகிறது என்பதே தீர்மானிக்கிறது.

வெக்டர் கூட்டலுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இதுவரை பார்த்தவை எல்லாம் ஒரு புள்ளியில் சந்திக்கும் விசைகள். நிஜப் பொருளுக்கு நீள அகலம் உண்டு. எதிரெதிரான இரண்டு சம விசைகள் வெவ்வேறு இடத்தில் பட்டால் கூட்டுத்தொகை சுழியாக இருந்தும் பொருள் சுழலும். எனவே விசைகளின் கூட்டுத்தொகை சுழி, அவற்றின் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையும் சுழி என்ற இரு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் முழுச் சமநிலை. இதுவும் படத்தில் பிடிபடக்கூடியதே. இணையாக இல்லாத மூன்று விசைகள் ஒரு பொருளை நிறுத்திவைத்தால், அவற்றின் கோடுகள் நீட்டப்படும்போது ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும். ஒரு பக்கம் கனத்த இயந்திரத்தை நடுவில் கொக்கி போட்டுத் தூக்கினால், அதன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர்கீழே வரும்வரை அது சாய்வது இதனால்தான். இதைவிடக் கடினமான எல்லை ஒன்றும் உண்டு. நான்கு கால் சிலிங்கில் ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சமநிலை விதிகள் மட்டும் சொல்லிவிடாது. விடை தெரியாத விசைகள் நான்கு, அவற்றைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் அதைவிடக் குறைவு. கால்களின் நீளத்தில் நூலளவு வேறுபாடு இருந்தால்கூட, விறைத்த பாரத்தை மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு கால்களே ஏறக்குறைய முழுதாகச் சுமக்க நேரலாம். அங்கே கயிறு எவ்வளவு நீளும் என்ற நெகிழ்ச்சிக் கணக்கும் வேண்டும். எச்சரிக்கையுள்ளவர்கள் நான்கு கால்களும் சமமாகச் சுமக்கும் என்று எண்ணித் தூக்குவதில்லை. ஆனால் எந்த இடத்தில் விதி போதாது என்பதைக் கண்டுகொள்ளவும் அந்த விதியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்குக் கணினி நொடியில் விடை தருகிறதே, இதையெல்லாம் கையால் வரைந்துகொண்டிருக்க வேண்டுமா என்பது கடைசியாக எழக்கூடிய கேள்வி. எந்தப் பொருளைத் தனியே எடுத்துப் பார்ப்பது, அதன்மேல் எவையெல்லாம் படுகின்றன, எந்தத் திசையில் என்பதைக் கணினிக்கு மனிதர்தான் சொல்ல வேண்டும். ஸ்டே கம்பி கம்பத்தைக் கீழேயும் அழுத்துகிறது என்பதை விட்டுவிட்டு எண்களைக் கொடுத்தால், தவறான கேள்விக்குத் துல்லியமான விடை கிடைக்கும். பள்ளியிலும் சிக்கல் இங்கேதான் வரக்கூடும். லாமியின் தேற்றத்தை மனப்பாடம் செய்து மூன்று சைன் மதிப்புகளை இட்டு நிரப்புகிற மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். முக்கோணம் மூடியதா என்று பார்க்கும் பழக்கம் கிடைக்காது. சூத்திரத்துக்கு முன்னால் படம் வந்தால், 68.3 எப்படி 50ஐத் தாங்குகிறது என்ற திகைப்பு வகுப்பிலேயே எழுந்து வகுப்பிலேயே தீரும். அந்த மாணவர்களில் பலர் நாளை இதே ஊரின் நிட்டிங் கூடத்திலோ கிரேன் அருகிலோ நிற்கப்போகிறவர்கள்.

பட்டறைக்குச் சைன் அட்டவணையை எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. இணைகர விதியிலிருந்து எளிய கட்டளை ஒன்றைப் பிழிந்தெடுக்கலாம்: பாரத்தில் கொக்கி மாட்டும் இரண்டு இடங்களுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, சிலிங்கின் ஒவ்வொரு காலும் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்கட்டும். அப்போது மூன்றும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகும். கால்களின் விரிவு 60 பாகையைத் தாண்டாது. ஒரு டன்னுக்குக் காலொன்றில் 577 கிலோவுக்கு மேல் வராது. இரண்டு மீட்டர் இடைவெளிக்கு இரண்டு மீட்டர்க் கால் என்பதை அளக்க ஒரு முழக்கயிறு போதும். கோணமானி வேண்டாம், கணிப்பொறி வேண்டாம். சுமை வரம்பு எழுதிய பலகையில் இந்த ஒரு வரியையும், 60, 90, 120 பாகைகளுக்கான மூன்று எண்களையும் தமிழில் சேர்த்து எழுத ஆகும் செலவு ஒரு டப்பாப் பெயின்ட். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்டெவின் தொடங்கிவைத்த அறிவு பாடநூலில் பத்திரமாக இருக்கிறது. அதை அங்கிருந்து பாரம் தூக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது இனி இயற்பியலின் வேலை அல்ல, தொழிற்கூடம் நடத்துகிறவர்களின் வேலை.